இறுதிப் பயனாளர்

நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் உதயகலா மூன்று வருடமாக வேலை செய்துவந்தாள். கீழே பிள்ளைகளின் சத்தம் ஓயாது. மேலே பன்னிரண்டு பேர் ஒருவரோடொருவர் அதிகம் கதைக்காமல் கணினித் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இணுவிலில் அயலவர்கள் கேட்டால், ஒரு கொம்பனியில் கொம்பியூட்டர் வேலை என்று சொல்லிவிடுவாள். அதற்கு மேல் சொல்லக்கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சொன்னாலும் விளங்கப்படுத்துவது கஷ்டம்.

வெளிநாடுகளில் சில பொருட்களை நினைத்தபடி யாருக்கும் விற்க முடியாது. சில உலோகங்கள், சில இரசாயனங்கள், சில வகை நார்கள், இருட்டில் பார்க்கும் கருவிகள். பார்வைக்குச் சாதாரணப் பொருட்கள்தான். ஆயுதம் செய்யவும் அவை வேண்டும் என்பதால் அந்தந்த அரசாங்கங்கள் அவற்றை ஒரு அட்டவணையில் போட்டு வைத்திருக்கின்றன. வாங்குகிறவன் யார், எதற்கு வாங்குகிறான், கடைசியில் அது யாருடைய கையில் இருக்கும் என்று விற்கிறவன் விசாரித்தாக வேண்டும். தடைசெய்யப்பட்டவர்களின் பட்டியல்களில் அந்தப் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விற்கிற கொம்பனிகள் இந்த வேலையை இன்னொரு கொம்பனியிடம் கொடுத்தன. அது கைமாறிக் கைமாறி நல்லூருக்கு வந்து சேர்ந்திருந்தது.

திரையின் இடது பக்கத்தில் வாங்குகிறவரின் பெயர் வரும். வலது பக்கத்தில் பட்டியலில் உள்ள ஒருவரின் பெயர். நடுவில், இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு வீதம். கீழே மூன்று பொத்தான்கள். பச்சையை அமத்தினால் பொருள் போகும். மஞ்சளை அமத்தினால் வாங்குகிறவருக்குக் கேள்விக் கடிதம் போகும். சிவப்பை அமத்தினால் கோப்பு மேலே, அந்த நாட்டு அரசாங்கத்தின் அனுமதி அலுவலகத்துக்குப் போகும். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பெயர்.

உதயகலா அந்த வேலையில் கெட்டிக்காரி. ஐரோப்பாவில் எழுதப்பட்ட அந்த மென்பொருளுக்கு எங்களுடைய பெயர்கள் பிடிபடவில்லை. தகப்பனின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே ஆளை நாலு விதமாக எழுத்துக்கூட்டினால் நாலு ஆளாக எண்ணும், நாலு ஆளை ஒரு ஆளாகவும் எண்ணும். சேர்ந்த முதல் மாதமே அவள் இதைப் பற்றி இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தாள். வெளிநாட்டிலிருந்த பெரியவர்கள் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார்கள். அன்றிலிருந்து இந்தியா, இலங்கைப் பெயர்கள் எல்லாம் அவளுடைய மேசைக்கு வந்தன.

முதல் சில மாதங்கள் பட்டியலில் தெரிந்த ஊர்ப்பெயரைக் கண்டால் அவளுடைய கை ஒரு கணம் நிற்கும். பிறந்த இடம் பருத்தித்துறை, பிறந்த இடம் மானிப்பாய் என்று இருக்கும். பிறகு நிற்பதில்லை. பேப்பரில் மரண அறிவித்தல் பார்க்கும்போதுகூட, இந்தப் பெயர் எண்பது வீதம் வரும், இது அறுபது என்று மனம் தன்பாட்டில் போட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் இணுவில் கந்தசுவாமி கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது, கணவனின் தகப்பன் பெயரை முதலில் சொல்லி, பிறகு கணவனின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள். மகள் ஆரணி சேலையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினாள். ஆரணிக்கு அப்போது பத்து வயது. அது சிரித்தது. உதயகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமும் வரவில்லை.

கணவன் ஜெயரூபன் பளைக்காரன். அவனுடைய குடும்பம் இடம்பெயர்ந்து வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போனபோது அவனுக்கு இருபது வயது. நாற்பத்தொரு நாள் இருந்தான். பதுங்குகுழி வெட்டினான், காயப்பட்டவர்களைத் தூக்கினான். ஓடிவந்து, சனத்தோடு சனமாக ஆமியிடம் போனான். பதினான்கு மாதம் புனர்வாழ்வு முகாமில் வைத்திருந்துவிட்டு ஒரு கடிதம் கொடுத்து விட்டார்கள். பிறகு கண்ணிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்தான். அந்தக் காலத்தில்தான் உதயகலாவைக் கலியாணம் செய்தது. இரண்டாயிரத்துப் பதினேழில், முகமாலையில், ஏற்கனவே துப்புரவாக்கிக் கயிறு கட்டிய பாதை என்று நம்பி வைத்த காலடியில் ஒன்று வெடித்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

இப்போது சுன்னாகம் சந்தையில் ஒரு வெங்காய மொத்த வியாபாரியிடம் தராசடியில் நிற்கிறான். நின்று செய்கிற வேலை. காலைச் செருகுகிற கிண்ணம்போன்ற பகுதியைச் சொக்கெற் என்பார்கள். அவனுடைய சொக்கெற் பிளாஸ்ரிக். வெயிலுக்கு உள்ளே வியர்த்து, பொருந்துகிற இடத்தில் புண் வரும். புண் ஆற ஒரு கிழமை, திரும்ப வர மூன்று கிழமை. ஏழு வருடமாக இப்படித்தான்.

அவனுக்குக் கால் செய்கிறவர் அருட்செல்வன். கைதடிப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் வருடத்துக்கு இருநூறு பேருக்குக் கால் செய்துகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. கதை குறைவு. காபன் நார்த்துணியால் சொக்கெற் செய்தால் பாரம் பாதியாகும், மெல்லியதாகச் செய்யலாம், புண் வராது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் துண்டுகளில் அதுவரை நாலைந்து பேருக்குச் செய்திருந்தார். அது போதாதென்று ஒரு முழுச் சுருளுக்கு முறைப்படி எழுதப்போவதாகச் சொன்னபோது, ஜெயரூபனின் பெயரையும் காத்திருப்போர் பட்டியலில் போட்டுக்கொண்டார். எங்கே எழுதப்போகிறார் என்று உதயகலா கேட்கவில்லை.

நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறி நாலாம் நாள். வீதியெல்லாம் மறித்திருந்ததால் ஸ்கூட்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து அலுவலகத்துக்குப் போனாள். பின்னேரம் மூன்று மணியளவில் திரையின் இடது பக்கத்தில் ஏரம்பு அருட்செல்வன் என்று வந்தது. முகவரி கைதடி. பொருள் காபன் நார்த்துணி, ஒரு சுருள். விமானத்துக்கும் ஏவுகணைக்கும் போகிற தரத்துக்குக் கிட்டியது என்று பக்கத்தில் ஒரு குறியீட்டு எண். வலது பக்கத்தில் வேறொரு அருட்செல்வன், முன்னொரு காலத்தில் இயக்கத்துக்குப் பொருள் வாங்கிக் கொடுத்தவர் என்று ஒரு நாடு எழுதி வைத்த ஆள். தொண்ணூற்றொரு வீதம்.

அந்த ஆள் இவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர், தகப்பன் பெயரும் வேறு என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. ஆனால் பட்டறை அனுப்பிய விண்ணப்பத்தில் பிறந்த திகதி இல்லை. ஆளைத் தெரிந்திருப்பது சான்று ஆகாது. தெரிந்த ஆளின் கோப்பு வந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு விலக வேண்டும் என்பதும் விதி. மேற்பார்வையாளர் கஜானன் ஆறடி தள்ளி இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டால் கோப்பு இன்னொருவரின் மேசைக்குப் போய்விடும், பிறகு என்ன நடந்தது என்று தெரியாது. அவள் கூப்பிடவில்லை. மஞ்சள் பொத்தானை அமத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை ஜெயரூபனின் சொக்கெற் விளிம்பு வெடித்துவிட்டதென்று இருவரும் கைதடிக்குப் போனார்கள். அருட்செல்வன் அவனை நீளமான மர வாங்கில் இருத்திப் புண்ணைப் பார்த்தார். மருந்து வைத்துக் கட்டினார். பிறகு கையைத் துடைத்துவிட்டு உதயகலாவிடம் தன்னுடைய ரெலிபோனை நீட்டினார். துணி விற்கிற கொம்பனியிலிருந்து ஒரு கடிதம் வந்திருப்பதாகவும், இங்கிலீசில் ஏழு கேள்வி கேட்டிருப்பதாகவும், பிழையாக ஏதும் எழுதிவிடாமல் அவள்தான் நிரப்பித் தரவேண்டும் என்றும் சொன்னார்.

கடிதத்தின் கீழே அனுப்பியவரின் பெயர் இல்லை, மேசை இலக்கம் நாலு என்று மட்டும் இருந்தது. அது அவளுடைய மேசை.

கடிதத்தை நான்தான் அனுப்பினேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் கதிரையை மேசைப் பக்கம் இழுத்து, மடிக்கணினியைத் திறக்கச் சொன்னாள். முழுப்பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர். பொருள் எதற்கு. யாருக்கும் திருப்பி விற்கமாட்டேன் என்று உறுதி. அதிகாரிகள் வந்து பார்வையிடச் சம்மதம். ஐந்தாவது, இறுதிப் பயனாளர்களின் பெயர்கள். அருட்செல்வன் ஒரு கொப்பியை எடுத்து வாசித்தார், இவள் அடித்தாள். இருபத்துமூன்று பேர். ஆறாவது, ஒவ்வொருவருக்கும் கால் எப்படிப் போனது. சீனி வருத்தத்தால் பன்னிரண்டு பேர். பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் மூன்று பேர். மற்ற எட்டுப் பேருக்கும் செல் குண்டும் கண்ணிவெடியும்.

"அடுத்தது, இதிலை ஆராவது ஆயுதம் தூக்கின அமைப்பிலை எப்பவாவது இருந்தவையோ எண்டு கேக்கினம்" என்றாள் உதயகலா.

ஏழாவது கேள்வி திரையில் இன்னும் வரவில்லை. அருட்செல்வன் அப்போதுதான் அந்தப் பக்கத்தைக் கீழே இழுத்துப் பார்த்தார். அப்படித்தான் கேட்டிருந்தது.

எட்டுப் பேரில் மூன்று பேர் சண்டை நடந்த காலத்தில் சிறுபிள்ளைகளாகவோ தோட்டக்காரராகவோ இருந்தவர்கள். மற்ற ஐந்து பேரும் கொஞ்சக் காலமோ கனகாலமோ இயக்கத்துக்குள் இருந்தவர்கள். அதில் ஒருவன் இந்த வாங்கிலேயே இருந்தான். அருட்செல்வன் எழுந்து வெளியே போய், மற்ற நாலு பேருக்கும் ஒவ்வொருவராக ரெலிபோன் எடுத்தார். ஒருவர் நேரே சொன்னார், என்னுடைய பெயர் ஒரு வெளிநாட்டுக்கும் போகவேண்டாம், பிளாஸ்ரிக்கே காணும் என்று. ஒரு பெண், மகனுக்கு விசா அலுவல் நடக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கோ என்றாள். மூன்றாவது ஆள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, இரண்டு நிமிடத்தில் திரும்ப எடுத்து வேண்டாம் என்றார். நாலாவது ஆள் ரெலிபோனை எடுக்கவே இல்லை. அவருடைய பெயரையும் விட்டுவிடுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார் அருட்செல்வன். உதயகலா நாலு வரிகளை அழித்தாள். பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள்.

"ஜெயரூபனுக்கு இல்லையெண்டு போட்டால் என்ன?" என்று அருட்செல்வன் கேட்டார். "நாற்பது நாள் தானே."

"வேண்டாம் அண்ணை. புனர்வாழ்வுக் கடுதாசி இருக்கு" என்றான் ஜெயரூபன். "இல்லையெண்டு எழுதி, பிறகு ஆரும் பிடிச்சால் பொய் சொன்னவன் எண்டு வரும். உள்ளதை எழுதும்."

எழுதும் என்றது மனைவியைப் பார்த்து. அவள் எழுதவில்லை. ஜெயரூபன் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என்ரை பேரை எடுத்துவிட்டால் மற்றாக்களுக்குப் பிரச்சினையில்லாமல் வருமோ?"

வரும் என்று அவளுக்குத் தெரியும். ஏழாவது கேள்விக்கு எல்லா வரியிலும் இல்லை என்று இருந்தால் கோப்பு அவளுடைய மேசையோடு முடியும். அருட்செல்வனின் பிறந்த திகதி அவரை அந்த மற்ற ஆளிலிருந்து பிரித்துவிடும். பச்சைப் பொத்தானை அமத்தினால் சரி. ஒரு வரியில் ஓம் என்று இருந்தாலும் பச்சைப் பொத்தான் வேலை செய்யாது. அரசாங்கத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே போனவற்றில் எத்தனை திரும்பி வந்தன என்பதையும் மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறாள்.

"தெரியாது" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னாளில் யோசித்தபோது அவளுக்கு ஒரு காரணமும் சரியாக வரவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சொல்லக்கூடாது என்று நினைத்தாளா. ஏழு வருடமாக அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள், அவனுடைய பெயர் அந்தப் பட்டியலில் இருக்கட்டும் என்று நினைத்தாளா. இரண்டும் இருக்கலாம். நினைத்ததாகவே ஞாபகமில்லை. வாயில் வந்தது அதுதான். அவனுடைய வரியில் ஓம் என்று அடித்து, அருட்செல்வனிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு அது அவளுடைய மேசைக்கு வந்தது. அவள் அடித்தது, அவளே விட்ட ஒரு எழுத்துப்பிழையோடு. வலது பக்கத்து அருட்செல்வன் மறைந்துவிட்டார். பத்தொன்பது பெயர்களும் பட்டியல்களோடு ஒத்துப்பார்க்கப்பட்டு ஒவ்வொன்றாகத் தெளிந்தன. ஓம் என்று அடித்திருந்த பதினான்காவது வரி மட்டும் மஞ்சளாகக் கிடந்தது. பச்சைப் பொத்தான் மங்கியிருந்தது. அவள் சிவப்பை அமத்தினாள். கோப்பு போய்விட்டது. அதன்பிறகு எழுந்து போய்க் கஜானனிடம் சொன்னாள், அந்தப் பட்டறைக்காரரைத் தெரியும், பதினான்காவது ஆள் தன்னுடைய கணவன், படிவத்தை நிரப்பியதும் தான்தான் என்று.

கஜானனுக்கு இருபத்தொன்பது வயது. நல்ல பொடியன். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தான்.

"எப்ப தெரியும் அக்கா?"

"முதல் நாளே."

"அப்பவே சொல்லியிருக்கலாம் தானே. நான் எடுத்திருப்பன். இப்ப இதை எழுதாமல் விடேலாது."

"எழுதுங்கோ" என்றாள்.

வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் திரையில் வந்து அவளை விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். பொருள் தவறான ஆளுக்குப் போகவில்லை, கோப்பும் முறைப்படி மேலே போயிருக்கிறது, ஆகவே அவளுடைய வேலையைப் பறிக்கவில்லை. வேறு மேசைக்கு மாற்றினார்கள். அங்கே வைத்தியசாலைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் போகிற பொதிகளின் முகவரிகளைச் சரிபார்க்க வேண்டும். வீதியின் பெயர், தபால் இலக்கம். ஆட்களின் பெயர் வராது. அவளுக்கு அது ஆறுதலாகவும் இருக்கவில்லை, குறைவாகவும் இருக்கவில்லை. ஒரு நாளைக்கு நூற்றுத்தொண்ணூறு முகவரி செய்தாள்.

அனுமதி அலுவலகத்திலிருந்து பதில் வர ஐந்து மாதம் ஆனது. இடையில் ஐப்பசி மழையில் ஜெயரூபனின் புண் பழுத்து, பத்து நாள் வேலைக்குப் போகாமல் இருந்தான். பழைய சொக்கெற்றின் விளிம்பை அருட்செல்வன் ஒட்டிக் கொடுத்திருந்தார். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை அவர் ரெலிபோனில் கூப்பிட்டு, கடிதம் வந்துவிட்டது என்று உதயகலாவுக்கு வாசித்துக் காட்டினார். இரண்டே வரி. இறுதிப் பயன்பாடு குறித்துத் திருப்தியான உறுதிப்பாடு இல்லாத காரணத்தால் அனுமதி மறுக்கப்படுகிறது. எந்தப் பயனாளர் என்று சொல்லவில்லை. அவள் தமிழில் சொன்னாள். "சரி தங்கச்சி" என்று வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயரூபன் கிணற்றடியில் ஒரு ஸ்ரூலில் இருந்து, காலுக்குப் போடுகிற சொக்ஸுகளைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக்கொண்டிருந்தான். ஆரணி ரியூசனுக்குப் போயிருந்தாள். உதயகலா அருகே போய் நின்றாள். மறுத்துவிட்டார்கள் என்று முதலில் சொன்னாள். அவன் அப்படித்தான் வரும் என்று நினைத்ததாகச் சொன்னான்.

"அந்தக் கேள்விக் கடிதம் நான் அனுப்பினது" என்றாள்.

"தெரியும்."

அவன் வாளிக்குள் கையை விட்டு அடுத்த சொக்ஸை எடுத்தான்.

"அருட்செல்வண்ணை கீழை இழுக்க முதலே ஏழாவது கேள்வியைச் சொன்னீர். உம்மடை வேலை உது எண்டு அப்பவே விளங்கினது. சொல்லக்கூடாதாக்கும் எண்டு கேக்கேல்லை." ஒரு சொக்ஸைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டான். பிறகு அதே குரலில் கேட்டான். "என்ரை பேரை எடுத்திருந்தால் வந்திருக்குமோ?"

"ஓம்."

"உமக்கு அது தெரியும்."

"ஓம்."

"நான் கேக்கேக்கை தெரியாது எண்டனீர்."

"ஓம்" என்றாள் மூன்றாம் முறையும்.

அவன் மிச்சச் சொக்ஸுகளையும் தோய்த்து முடித்தான். கொடியில் அவள்தான் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டின்போது, இதை அருட்செல்வனிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று சொன்னான். நீர் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணமும் யாரோ சொல்லிக் கேட்டதுபோல் இருந்தது.

அடுத்த நாள் அவள் லீவு எடுத்தாள். பட்டறையில் அருட்செல்வன் யாருடைய காலுக்கோ பிளாஸ்டர் அச்சு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை இருவரும் வாங்கில் இருந்தார்கள். பிறகு அவளே சொன்னாள், தொடக்கத்திலிருந்து கடைசிவரை, ஒன்றையும் விடாமல். வேலை என்ன, மூன்று பொத்தான் என்ன, அவள் என்ன சொன்னாள், எது தெரிந்துகொண்டு சொன்னாள். அலுவலகத்தில் கோப்பு விளங்கப்படுத்துகிறதுபோல் இருந்தது.

அருட்செல்வன் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மற்றாக்கள் பதினெட்டுப் பேர்" என்றார்.

பிளாஸ்டரை உரித்து முடித்ததும், இனி ஜெயரூபனுடைய பெயர் இல்லாமல் புதிதாக எழுதினால் தருவார்களா என்று கேட்டார். ஒருமுறை மறுக்கப்பட்ட பட்டறையின் பெயர் அங்கே இருந்துகொண்டேயிருக்கும், எந்தக் கொம்பனிக்கு எழுதினாலும் அது முதலில் வந்து நிற்கும் என்று உதயகலா சொன்னாள். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார். காலம் ஒன்றும் இல்லை என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு ஜெயரூபனின் பக்கம் திரும்பி, குருநகரில் போட் கட்டுகிறவர்களிடம் கதைத்திருப்பதாகச் சொன்னார். வள்ளத்துக்குப் போடுகிற கண்ணாடி நார், அதை வாங்க ஒரு நாட்டிடமும் கேட்கத் தேவையில்லை. காபனைவிடத் தடிப்பாகப் போடவேண்டும், ஆகவே பாரம் கூடும். ஆனால் பிளாஸ்ரிக்கைவிடப் பொருந்தும். செய்து பார்ப்போம் என்றார். ஜெயரூபன் ஓம் என்றான். அன்றைக்கே அச்சு எடுத்தார். வழக்கமாக அச்சு எடுக்கும்போது வாளியைப் பிடிக்கவும் துணியை நனைக்கவும் உதயகலாவைக் கூப்பிடுவார். அன்றைக்குத் தானே குனிந்து எடுத்தார். அதன்பிறகு அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. முகம் கொடுக்காமல் இருந்தாரென்றும் சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்வார். சொல்ல வேண்டியதை ஜெயரூபனிடம் சொல்வார்.

மாசிக் கடைசியில் புதுக்கால் வந்தது. பச்சை கலந்த வெள்ளை நிறம், வள்ளத்தின் உட்பக்கம்போல. பிளாஸ்ரிக்கைவிட நானூறு கிராம் கூட. ஜெயரூபன் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனான். பாரம்தான், ஆனால் புண் வருவது குறைந்தது, மாதத்துக்கு ஒருமுறை என்று இருந்தது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. பின்னேரம் வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவான். உதயகலா எண்ணெய் தேய்த்துவிடுவாள். இருவரும் சண்டை பிடிக்கவில்லை. கடைச் சாமான், ஆரணியின் படிப்பு, மழை வருமா என்பது போன்றவற்றைக் கதைத்தார்கள். முன்பும் அவற்றைத்தான் கதைத்தார்கள். ஆனால் முன்பு அவன் ஏதாவது அறிய வேண்டுமென்றால் அவளிடம் கேட்பான். பஸ் நேரம், வங்கிப் படிவம், ஆஸ்பத்திரிக் கிளினிக் எந்த நாள் என்று. இப்போது ரெலிபோனில் தானே பார்த்துக்கொண்டான்.

காத்திருந்த மற்றவர்களுக்கும், பட்டியலில் பெயரை எடுத்துவிட்ட நாலு பேருக்கும்கூட, அருட்செல்வன் அதே கண்ணாடி நாரிலேயே செய்தார். முழங்காலுக்குக் கீழே போனவர்கள் எப்படியோ பழகிக்கொண்டார்கள். மேலே போனவர்களுக்குத்தான் கஷ்டம். அப்படி ஒருத்தி யசிந்தா. குருநகர்ப் பிள்ளை, தாயின் ஊரான முல்லைத்தீவில் நின்றபோது ஒன்பது வயதில் செல்பட்டு வலது கால் தொடையோடு போயிற்று. இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். பட்டியலில் அவள் மூன்றாவது பெயர். உதயகலா அந்தப் பெயரை இரண்டு முறை கண்டிருக்கிறாள், கைதடியில் அடித்தபோது ஒருமுறை, நல்லூரில் திரையில் தெளிந்தபோது ஒருமுறை. ஆளைக் கண்டதில்லை.

ஆனியில் ஒருநாள், ஜெயரூபனின் காலில் ஒரு திருகாணி இறுக்க வேண்டியிருந்ததால் பட்டறைக்குப் போனபோது கண்டாள். யசிந்தா சமாந்தரக் கம்பிகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு புதுக்காலோடு நின்றாள். அருட்செல்வன் பின்பக்கத்தில் நின்று அவளுடைய இடுப்பு எப்படிச் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்தவர் யாரும் இல்லை. கைப்பையைத் தோளில் மாட்டியபடியே நடக்கத் தொடங்கியவள், அது இடைஞ்சலாக இருக்கவே, வாங்கிலிருந்த உதயகலாவைப் பார்த்து, அக்கா, இதைக் கொஞ்சம் வைச்சிருங்கோ என்றாள். உதயகலா எழுந்து போய் வாங்கிக்கொண்டாள். மருந்துக் கடை வாசம் அடிக்கிற கறுப்புப் பை.

யசிந்தா கம்பிக்குள்ளே நாலு தரம் போய் வந்தாள். ஐந்தாவது தரம் பாதியில் நின்று, மூச்சு வாங்கினாள்.

"பாரமாக் கிடக்கு அண்ணை" என்றாள் அருட்செல்வனிடம். "பழசோடை எட்டு மணித்தியாலம் நிப்பன். இதோடை நிக்கேலுமோ தெரியேல்லை."

பழகினால் சரிவரும் என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சம் சீவிப் பார்க்கிறேன், சீவினால் எவ்வளவு குறையும் என்று சொல்ல ஏலாது என்றார். கழற்றச் சொன்னார். அவள் வாங்கில் வந்து, உதயகலாவுக்குப் பக்கத்தில் இருந்து பட்டிகளை அவிழ்த்தாள். அவர் காலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரைக்கிற மெஷின் சத்தம் கேட்கத் தொடங்கியது. கண்ணாடித் தூள் வருமென்று கதவைச் சாத்தினார்.

அக்கா ஆரின்ரை கால் அலுவலா வந்தனீங்கள் என்று யசிந்தா கேட்டாள். உதயகலா எதிரில் நின்ற ஜெயரூபனைக் காட்டினாள். அவன் இருவரையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். சொல்வாளா என்று பார்த்தானா, சொல்லவேண்டாம் என்று பார்த்தானா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. அனுமதி கிடைக்கவில்லையாம் என்று மட்டும் அருட்செல்வன் சொல்லியிருக்கிறார். உங்களுக்கும் காபன் வரவில்லைத்தானே என்று அவள் ஜெயரூபனிடம் கேட்டாள். இல்லை என்றான் அவன்.

மெஷின் நின்று, திரும்ப ஓடி, நின்றது. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அருட்செல்வன் காலைக் கொண்டுவந்து தராசில் வைத்தார். தொண்ணூறு கிராம் குறைந்திருந்தது. யசிந்தா அதைப் போட்டுக்கொண்டு எழும்பினாள். நிமிர்ந்து நிற்க ஒரு கை தேவைப்பட்டது. உதயகலா தன்னுடைய கையைக் கொடுத்தாள், அவள் பிடித்துக்கொண்டு எழும்பி, கையை விட்டுவிட்டுக் கம்பிக்குப் போனாள்.

இந்த முறை ஆறு தரம் போய் வந்தாள். பரவாயில்லை என்றாள். கடைக்கு நேரமாகிறது என்று பையை வாங்கிக்கொண்டு, பழைய காலை ஒரு சாக்குக்குள் போட்டு, வெளியே நின்ற ஓட்டோவில் ஏறினாள். அருட்செல்வன் கொப்பியில் அவளுடைய பெயருக்கு நேரே திகதியை எழுதினார். பிறகு ஜெயரூபனைக் கம்பிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, எந்தத் திருகாணி என்று கேட்டார்.